சுங்கை சிப்புட் பழைய புத்தகக் கடை: 8 வெள்ளிக்கு ஒரு நிக்ருமா

சந்தைக்குப் பின்னால், சைக்கிள் கடையை ஒட்டி இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. காற்றாடி ஒன்றே ஒன்று, மதியம் போனால் வேர்த்து வடியும்.

போன வாரம் கானாவின் முதல் அதிபர் குவாமே நிக்ருமாவின் வாழ்க்கை வரலாறு ஒன்று 8 வெள்ளிக்குக் கிடைத்தது. பால் மரம் வெட்டிய என் அப்பா, "நமக்கு மெர்டேக்கா கிடைச்ச வருஷம்தான் கானாவுக்கும்" என்பார். 1957 மார்ச்சில் அவர்களுக்குச் சுதந்திரம், ஆகஸ்டில் நமக்கு, அதாவது மலாயாவுக்கு. மறு வருஷமே விசாரணையில்லாமல் 5 ஆண்டுவரை உள்ளே தள்ளும் சட்டம் கொண்டுவந்தார் நிக்ருமா. (நமக்கும் 1960இல் ஒன்று வந்ததே!) அவரை லண்டனிலிருந்து வரவழைத்த கட்சியின் தலைவர்களில் ஒருவரான டான்குவா, 1965இல் சிறையிலேயே செத்தார். அதற்கு முந்தைய வருஷமே ஒரே கட்சி, ஆயுளுக்கும் அதிபர் என்றாகிவிட்டது.

1966 பிப்ரவரியில் அவர் வெளிநாடு போன நேரம் பார்த்து ராணுவம் கவிழ்த்தது. சரியாக அந்த இடத்தில் நாலு பக்கம் காணோம்! கடைக்கார அண்ணனிடம் காட்டினேன். "கரையான் தின்னுருச்சு தம்பி" என்று சிரித்துக்கொண்டே 3 வெள்ளியைத் திருப்பித் தந்தார்.

தமிழ் அலமாரி சுமார்தான். சில்லறை கொண்டுபோங்கள்.