ஜப்பான் ஸ்டைல் இன்டீரியர் நம்மூரு ஆடிக் காத்துக்கு நிக்குதா? சில வருஷம் பொழங்கின அனுபவம்

எங்க வீடு கோயமுத்தூர்ல பொள்ளாச்சி ரோட்டுப் பக்கம், ஒத்தக்கால்மண்டபம் தாண்டி. வெள்ளை சுவரு, விட்ரிஃபைட் டைல்ஸ், மாடுலர் கிச்சன்னு இப்பத்த வீடுதான், ஆனா உள்ள ஜப்பான் சாயல் இருக்கணும்னு நானும் வீட்டுக்காரரும் முதல்லயே பேசி வெச்சிருந்தோம். ஜப்பானையும் ஸ்காண்டிநேவியாவையும் கலந்த ஸ்டைலு, ஜப்பாண்டின்னு வர்ற போட்டோ எல்லாம் வேலை முடிஞ்ச மறுநாள் எடுத்ததாத்தான் இருக்கும், நாலஞ்சு வருஷம் பொழங்கின பொறவு எப்படி இருக்குதுன்னு யாரும் போடறதில்ல, அதனாலதான் இத எழுதறேன். நான் பாக்கறது ரெண்டே விஷயம். ஆனில இருந்து ஆவணி வரைக்கும் பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து அடிக்கற காத்துக்கும் புழுதிக்கும் நிக்குதா, ஒறம்பரை வந்தா உக்கார எடம் இருக்குதா.

எல்லாத்துலயும் எச்சா ஒழச்சது ஹாலுக்கும் டைனிங்குக்கும் நடுவுல போட்ட மரமேடைதாங்க. ஜப்பான்ல இதுக்குக் கோஆகாரின்னு பேரு, ரூம்ல ஒரு பகுதிய மட்டும் தரைய விட ஒசத்தி மேல தத்தாமிங்கற கனமான பாய் விரிச்சுருவாங்க. நெட்ல வர்ற சோபா எல்லாம் 25, 30 சென்டிமீட்டர் ஒசரத்துல தரையோட ஒட்டிக் கெடக்கும், பாக்க அம்சமா இருக்கும், ஆனா எங்க அத்தைக்கு முட்டி வலி, அதுல உக்காந்தா எந்திரிக்க ஒரு ஆளு கை குடுக்கணும். மேடைய 45 சென்டிமீட்டர், அதாவது சேர் ஒசரத்துக்கு ஆசாரிகிட்டச் சொல்லிப் பண்ணினோம். அத்தை விளிம்புல காலத் தொங்கப் போட்டு உக்காந்து கீரை ஆய்வாங்க, பசங்க உள்ள தள்ளிச் சம்மணம் போட்டு ஹோம்வொர்க் எழுதுவாங்க, மத்தியானம் யாராச்சும் ஒருத்தர் படுத்திருப்பாங்க, மாமனாரோட பழைய தொட்டிக்கட்டு வீட்டுத் திண்ணை எப்படிப் பொழங்குச்சோ அப்படியேதான் இதுவும் பொழங்குது. கீழ டிராயர் வெச்சதால தலகாணி, போர்வை எல்லாம் அதுக்குள்ள போயிருது. மாரியம்மன் நோம்பிக்கு ஆளுக வந்தா சேர் வாடகைக்கு எடுக்கற பேச்சே இல்ல. வேற எதையும் பண்ண முடியலன்னாலும் இத ஒண்ண மட்டும் பண்ணுங்கன்னு தெரிஞ்சவங்க எல்லாருகிட்டயும் சொல்லிட்டிருக்கேன்.

மேடைக்கு மேல என்ன விரிக்கறதுங்கறதுதான் அடுத்தது. அசல் தத்தாமிங்கறது வைக்கோல நெருக்கி அமுக்கித் தெச்ச அஞ்சு சென்டிமீட்டருக்கு மேல கனமான கட்டி, மேல இகுசாங்கற கோரைல நெஞ்ச பாய், ஓரத்துல துணிப் பட்டை. அங்க அத ஈரத் துணி போட்டுத் தொடைக்க மாட்டாங்க, சில வருஷம் கழிச்சு மேல்பாயத் திருப்பிப் போடுவாங்க, அப்பறம் பாய மட்டும் புதுசா மாத்துவாங்க. நம்மூட்ல தெனமும் மாப்பு போடறோம், ஐப்பசி மழைல நாலு நாள் வெயிலே இல்லைன்னா வைக்கோல் பூசணம் புடிச்சுரும். அதனால பொள்ளாச்சிப் பக்கம் கெடைக்கற ரப்பரைஸ்டு காயர் கட்டி, அதுக்கு மேல கரூர் காவேரிக் கரைக் கோரைல நெஞ்ச பாய், ஓரத்துக்குக் கெட்டித் துணின்னு தெச்சு வாங்கிட்டோம். பாய் தேயத்தான் செய்யும், அத்தை உக்கார்ற விளிம்புல சீக்கிரமே நார் கெளம்பிரும், அந்தப் பாய மட்டும் மாத்தினாப் போதும், காயர் இன்னும் அப்படியே இருக்குது. வெயில் காலத்துல வெறும் கோரைல படுத்தா வர்ற குளுமை எந்த மெத்தைலயும் வராதுங்க.

இன்டீரியர் பண்ணின தம்பி எல்லாமே பீஜ் கலர்ல இருக்கட்டும்னு சொன்னாரு. நான் ஒத்துக்கல. ஒரு பவானி ஜமக்காளம், கரும்பச்சைல கருப்புப் பட்டை போட்டது, அத வெளிறின மரத்துக்கும் வெள்ளை சுவத்துக்கும் நடுவுல விரிச்சுப் பாத்தா ரூமே எந்திரிச்சு நிக்குது. 2005ல புவிசார் குறியீடு வாங்கின சரக்கு, முரட்டு நூலு, உதறினா புழுதி போயிரும், எத்தன தடவ வெயில்ல போட்டாலும் அசரல. ஜப்பான் வீட்டோட அழகு பீஜ் கலர்ல இல்லைங்க, பொருள் கம்மியா வெச்சு ஒவ்வொண்ணையும் நின்னு பாக்க வெக்கறதுலதான் இருக்குது.

ஷோஜி தடுப்பு பத்தி நெறைய பேரு கேக்கறாங்க. மரச்சட்டம் கட்டம் கட்டமா, அதுல வாஷி காகிதம் ஒட்டறது. வாஷிய கோசோ மரப்பட்டை நார்ல பண்றாங்க, அந்தக் கைவேலை 2014ல யுனெஸ்கோ பட்டியல்ல ஏறுச்சு, அங்கயே அந்தக் காகிதத்தக் கிழிச்சுட்டுப் புதுசா ஒட்டறது வருஷக் கடைசி வழக்கம். இங்க ஆடிக் காத்தும் பல்லியும் சின்னப் பசங்களும் இருக்கற வீட்டுக்கு அது ஆகாது. ஃபிராஸ்டட் அக்ரிலிக் போடுங்கன்னு கடைல சொல்லுவாங்க, தொடைக்க சுலபந்தான், ஆனா வெளிச்சம் ஆஸ்பத்திரி ரூம் மாதிரி செத்துப் போயிரும். நாங்க போட்டது காடா துணிங்க. ஈரோடு, பல்லடம் பக்கம் தறில ஓடற, சாயம் ஏத்தாத, ப்ளீச் பண்ணாத அதே துணி. சட்டத்துக்குப் பின்னாடி வெல்க்ரோ வெச்சு இழுத்து ஒட்டியிருக்குது, கழட்டித் தொவச்சு மாட்டிக்கலாம். காலைல கெழக்கு வெயிலு அது வழியா வர்றப்ப இளமஞ்சளா, பருத்தி இழை தெரியற மாதிரி வரும், எனக்கு இந்த வீட்டுலயே புடிச்சது அந்த வெளிச்சந்தான். மொதத் தடவ மாட்டறதுக்கு முன்னாடி துணிய நல்லாத் தண்ணில ஊறப் போட்டுச் சுருங்க விட்டுருங்க, இல்லைன்னா தொவச்ச பொறவு சட்டத்துக்கு எட்டாது. பூஜை ரூமுக்குப் போடறதா இருந்தா வெளக்குக்கிட்ட இருந்து நல்லாத் தள்ளியே வையுங்க, எண்ணெய்ப் புகைல மஞ்சளும் ஆகும், துணிங்கறதால நெருப்புக்கும் பயம்.

பேப்பர் உருண்டை லைட்டு, அதாவது இசாமு நொகுச்சிங்கற சிற்பி 1951ல ஜப்பான்ல கிஃபு ஊரு காகித விளக்குகளப் பாத்து ஆரம்பிச்ச அகாரிங்கற விளக்கு ஜாடைல வர்றது, ஹால்ல ஒண்ணு தொங்குது. ஒட்டடைக் குச்சிய மெதுவாத்தான் படுத்தோணும், மழைக்காலத்துல ஈசல் உள்ள போயிரும். ஆனாலும் எடுக்க மாட்டேன், பல்பு மட்டும் 2700 கெல்வின் வார்ம் வொயிட் போடுங்க.

புத்தர் தலை சிலை வெக்கலையான்னு வர்றவங்க கேப்பாங்க. வெக்கல. சாமியா கும்புடற உருவத்தோட தலைய மட்டும் எடுத்து டிவி பக்கத்துல ஷோவுக்கு வெக்கறது எனக்கு ஒப்பல, பேங்காக்லயே அப்படி வெக்காதீங்கன்னு போர்டு வெச்சிருக்காங்க. போன்சாய்க்கு ஜப்பான் மேப்பிள், பைன் எல்லாம் தேட வேணாம், அதுகளுக்குக் குளிர்காலத் தூக்கம் வேணும், நம்மூரு வெக்கைக்கு ஆலும் அரசும் இத்தியும் தொட்டில அழகா நிக்கும்.

கடைசியா மூங்கில். மேக்கு ஜன்னல் தட்டிக்கும் பார்ட்டிஷனுக்கும் மூங்கில் வாங்கறவங்க போராக்ஸ், போரிக் ஆசிட் கரைசல்ல ஊற வெச்சதான்னு கட்டாயம் கேளுங்க. மூங்கில்ல இருக்கற மாவுச்சத்துக்கு வண்டு எறங்கிரும், பொறவு அடில வெள்ளையா மாவு கொட்ட ஆரம்பிக்கும், அந்த நெலமைல பாலிஷ் அடிச்சுப் பிரயோஜனம் இல்ல. ஊற வெச்சதுதான்னா கூட மேக்கு வெயிலு நேராப் படற எடத்துல வெடிக்கும், அங்க மட்டும் வெளிப்பக்கமா ஒரு பந்தல் நிழலோ கொடியோ இருந்தா ரொம்ப நாளைக்கு வரும். எங்களுதுக்குச் சங்குப்பூக் கொடி ஏத்தி விட்டிருக்கறோம்.