ரிகா மோட்டார் மியூசியம்: அந்த நகல் காருக்காகவே போகலாம்

லாட்வியாவின் தலைநகர் ரிகாவுக்குப் போகிறவர்கள் பழைய ஊரைச் சுற்றிவிட்டு நாலு போட்டோ எடுத்ததும் கிளம்பிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஊருக்குக் கிழக்குப் பக்கம் ஒரு மோட்டார் மியூசியம் இருக்கிறது, கார் பிடித்தவர் என்றால் அதற்கு அரை நாளைத் தனியாக எடுத்து வையுங்கள். என்னைக் கூட்டிப்போன டூர் ஏஜென்ட் இதற்கு ஒதுக்கியது வெறும் நாற்பது நிமிடம்! கீழ்த்தளத்தைப் பாதிகூடப் பார்க்கவில்லை, அதற்குள் பஸ் கிளம்புகிறது என்று எல்லோரையும் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். மனசு கேட்கவில்லை. மறுநாள் அவர்களுடைய நிகழ்ச்சியை விட்டுவிட்டு நானே டிக்கெட் வாங்கிக்கொண்டு திரும்பவும் வந்தேன், மூன்றரை மணி நேரம் இருந்தேன். காசு கொடுத்து இரண்டு தடவை பார்த்ததில் எனக்கு ஒரு துளி வருத்தமும் கிடையாது.

இந்த மியூசியம் 1989ல் திறந்தது, அப்போது லாட்வியா சோவியத் யூனியனுக்குள் இருந்தது. 2016ல் புதுப்பித்துத் திரும்பத் திறந்திருக்கிறார்கள். கட்டடத்தின் முகப்பே ரோல்ஸ் ராய்ஸ் காரின் முன்பக்க கிரில் மாதிரிதான் இருக்கும், தூரத்தில் இருந்தே அடையாளம் தெரிந்துவிடும். உள்ளே கூட்டம் அதிகம் மொய்ப்பது பிரெஷ்னேவின் ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் ஷேடோ முன்னால். கார்ப் பைத்தியமான அந்த சோவியத் தலைவர் 1980ல் தானே ஓட்டிப்போய் மோதிய வண்டி அது. நசுங்கிய முன்பக்கத்தை அப்படியே வைத்து, ஸ்டியரிங் பின்னால் அவருடைய மெழுகுச் சிலையையும் உட்கார வைத்திருக்கிறார்கள். ஸ்டாலினின் குண்டு துளைக்காத கார், எழுத்தாளர் கார்க்கியின் லிங்கன் கார், ரிகாவிலேயே தயாரான ருஸ்ஸோ-பால்ட் தீயணைப்பு வண்டி, எல்லாமே பார்க்க வேண்டியவைதான். குழந்தைகளுக்குப் பிரெஷ்னேவ் பிடிக்கும், அங்கே பத்து நிமிடம் நிற்க விடுங்கள். அப்புறம் நேராக அந்த வெள்ளி நிற ரேஸ் காருக்கு வந்துவிடுங்கள்.

அதன் பெயர் ஆட்டோ யூனியன் டைப் சி/டி, ஆட்டோ யூனியன் என்பது அதைச் செய்த ஜெர்மன் கம்பெனி. முதல் பார்வைக்கு ஏதோ விமானத்தின் உடம்பை இறக்கையில்லாமல் தரையில் வைத்த மாதிரி இருக்கும். அந்தக் காலத்து ரேஸ் கார்களில் நீளமான பானெட், அதற்குள் எஞ்சின், டிரைவர் பின்னால் என்றுதான் இருக்கும். இதில் எல்லாம் தலைகீழ். டிரைவர் முன்னால், கிட்டத்தட்ட முன் சக்கரங்களுக்கே வந்து உட்கார்ந்திருப்பார், எஞ்சின் அவருடைய முதுகுக்குப் பின்னால். பக்கத்துக்கு எட்டாகப் பதினாறு சிலிண்டர், ஆறு லிட்டர், எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் திணிக்கும் சூப்பர்சார்ஜர், குதிரைத்திறன் ஐந்நூற்றுக்கும் மேலே. இதை 1930களில் ஓட்டியிருக்கிறார்கள் என்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள், சீட் பெல்ட் கிடையாது, தலைக்கு ஒரு துணிக் குல்லாய்தான்.

பின்பக்கம் போய்ப் பாருங்கள், நான் அதிக நேரம் நின்றது அங்கேதான். பக்கத்துக்கு இரண்டு என்று பின்னால் மட்டும் நான்கு டயர். நம் லாரிகளில் இருப்பது போல ஜோடி டயர், ஆனால் மெல்லிய கம்பிச் சக்கரங்களில். குனிந்து பார்த்தால் இரண்டு டயருக்கும் நடுவில் இருக்கும் இடுக்கும், அதற்குள் ஒன்றன் பின் ஒன்றாகக் குறுக்கே ஓடும் கம்பிகளும் தெரியும். ஏன் இப்படி என்றால், இது வட்டமான ட்ராக்கில் ஓட்டுவதற்காகச் செய்த வண்டி அல்ல, மலைப்பாதைப் பந்தயத்துக்கான வண்டி. 1938ல் கிராண்ட் ப்ரீ விதிகள் மாறி, சூப்பர்சார்ஜர் இருந்தால் மூன்று லிட்டருக்கு மேல் எஞ்சின் கூடாது என்று வந்துவிட்டது, மலையேற்றப் போட்டிகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதனால் புதிய மாடலான டைப் டி-யின் சேஸியில், அதாவது அடிச்சட்டகத்தில், பழைய மாடலான டைப் சி-யின் பெரிய எஞ்சினை ஏற்றினார்கள். அவ்வளவு சக்தியைக் கொண்டைஊசி வளைவில் தரையில் இறக்கினால் ஒற்றை டயர் வழுக்கிக்கொண்டே போகும், அதனால்தான் நான்கு. மலைப் பந்தயங்களின் ராஜா என்று பெயர் வாங்கிய ஹான்ஸ் ஸ்டுக் இந்த வகை வண்டியை ஓட்டியவர்.

சரி, இப்போது முக்கியமான விஷயம். நீங்கள் பார்ப்பது அசல் இல்லை, நகல். இது தெரிந்ததும் எங்கள் குழுவில் பலருக்கு முகம் சுருங்கிவிட்டது, ஒருவர் கேமராவையே பைக்குள் வைத்துவிட்டார். ஆனால் இந்த நகல் ஏன் இங்கே நிற்கிறது என்ற கதைதான் என்னைத் திரும்ப வரவைத்தது.

ஆட்டோ யூனியன் என்பது 1932ல் ஆடி, டிகேடபிள்யூ, ஹோர்ஹ், வாண்டரர் என்ற நான்கு கம்பெனிகள் சேர்ந்து உருவானது, இன்றைய ஆடி காரில் இருக்கும் நான்கு வளையமும் அதுதான். ரேஸ் கார்களைச் செய்தது ஜெர்மனியின் ஸ்விக்காவ் ஊரில். 1939 செப்டம்பர் 3 அன்று, பிரிட்டன் போர் அறிவித்த அதே நாளில், பெல்கிரேடில் நடந்த பந்தயத்தில் இத்தாலிய ரேஸ் வீரர் நுவோலாரி இந்தக் கம்பெனியின் டைப் டி-யை ஓட்டி ஜெயித்தார், அதோடு பந்தயம் நின்றது. வண்டிகளை ஸ்விக்காவ் பக்கத்தில் ஒரு சுரங்க வளாகத்தில் ஒளித்து வைத்தார்கள். போர் முடிந்து அந்தப் பகுதி சோவியத் ராணுவத்தின் கைக்கு வந்ததும் வண்டிகளைக் கண்டுபிடித்து ரயிலில் ஏற்றிக் கிழக்கே கொண்டுபோய்விட்டார்கள். அங்கே கார் ஆலைகளுக்கும் ஆராய்ச்சி நிலையங்களுக்கும் ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்தார்கள். பிரித்துப் பார்த்தார்கள், படித்தார்கள், அப்புறம் பெரும்பாலானவற்றை உடைத்துப் பழைய இரும்பாக்கிவிட்டார்கள்.

இதைத் திருட்டு என்று சிலர் ஒரே வார்த்தையில் எழுதிவிடுகிறார்கள். என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. நாஜி அரசு பணம் கொடுத்து, தன் பெருமைக்காக ஓடவிட்ட கார்கள் இவை. அந்த அரசு சோவியத் மண்ணில் செய்த நாசத்துக்கு ஈடாக எடுத்துப்போனவற்றில் இவையும் சேர்த்தி. மியூசியத்துக்குப் பக்கத்திலேயே பிக்கெர்நியெக்கி காடு இருக்கிறது, போர்க் காலத்தில் நாஜிகள் பல்லாயிரக்கணக்கானவர்களைச் சுட்டுப் புதைத்த இடம், கொல்லப்பட்டவர்களில் மிகப் பலர் யூதர்கள். நினைவிடம் இருக்கிறது. மியூசியம் வருகிறவர்கள் அங்கேயும் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வாருங்கள், நான் போனேன். ஆனால் எடுத்துப்போனதை உடைத்துப் போட்டது வேறு விஷயம். அந்த வண்டிகளைக் கையால் தட்டி உருவாக்கிய தொழிலாளிகளின் வேலை அது, நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

அப்படி உடைபடாமல் தப்பியதில் ஒன்றுதான் இந்த நகலின் அசல். மாஸ்கோவின் ஸில் கார் ஆலையில் கிடந்தது. 1976ல் அதையும் உடைக்கப் போகிறார்கள் என்ற செய்தி ரிகாவில் பழைய கார் கிளப்பை நடத்திவந்த விக்டர்ஸ் குல்பெர்க்ஸ் காதுக்கு எட்டியது. அவர் பேசி, அதை இரும்புக் கடைக்குப் போகவிடாமல் ரிகாவுக்குக் கொண்டுவந்துவிட்டார். அப்போது இந்த மியூசியமே கிடையாது, கட்டி முடிக்க இன்னும் பதின்மூன்று வருஷம் இருக்கிறது. வைக்க ஒரு மியூசியம்கூட இல்லாத காலத்தில் ஒரு மனிதர் காரைக் காப்பாற்றியிருக்கிறார் என்றால் அதற்கு எவ்வளவு பிடிவாதம் வேண்டும்!

பிறகு ஆடி நிறுவனம் தன் முன்னோர் செய்த வண்டியைத் தேடி வந்தது. பேச்சுவார்த்தையில் முடிவானது இதுதான்: அசல் ஆடிக்குப் போகும், அதற்குப் பதிலாக அச்சு அசலாக ஒரு நகல் ரிகாவுக்கு வரும். இங்கிலாந்தில் கிராஸ்த்வைட் அண்ட் கார்டினர் பட்டறையில் அதைச் செய்தார்கள். வெறும் கூடு அல்ல, பதினாறு சிலிண்டரோடு முழு வண்டி. ரிகா அசலைக் கொடுத்திருக்கக் கூடாது என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கும் முதல் நாள் அப்படித்தான் தோன்றியது. இரண்டாம் நாள் மாற்றிக்கொண்டேன், அதைச் செய்தவர்களிடமே அது போய்ச் சேர்ந்தது சரிதான், காப்பாற்றிய ஊருக்கு அதன் உருவம் மிஞ்சியதும் சரிதான்.

இதே மாதிரி இன்னொரு கதையும் உண்டு. பால் கரசிக் என்ற அமெரிக்க சேகரிப்பாளர் தன் மனைவி பார்பராவோடு சோவியத் நாட்டுக்குள் வருஷக்கணக்காகத் தேடி, இரண்டு டைப் டி கார்களின் பாகங்களைக் கண்டுபிடித்தார். எஞ்சின், சேஸி, அச்சு என்று துண்டு துண்டாகச் சேர்த்து மேற்கே கொண்டுவந்து, அதே இங்கிலாந்துப் பட்டறையில் கொடுத்துத் திரும்ப உருவாக்கினார். மேல் பாடி ஒன்றும் மிஞ்சவில்லை, புதிதாகத் தட்டவேண்டியிருந்தது. அவற்றில் கடைசியானதை ஆடி 2012ல் வாங்கியது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஊர் மையத்திலிருந்து பொதுப் பேருந்திலேயே போகலாம், டாக்ஸி அவசியமில்லை. டூர் ஏஜென்டோடு போனால் எத்தனை மணி நேரம் தருவார்கள் என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போங்கள். நான் போனது வார நாள் காலை, டைப் சி/டி முன்னால் என்னைத் தவிர யாருமில்லாமல் இருபது நிமிடம் கிடைத்தது. கட்டணமும் திறக்கும் நேரமும் மாறக்கூடியவை, போகும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே பிக்கெர்நியெக்கி ரேஸ் ட்ராக் இருக்கிறது, போட்டி இருக்கும் நாளாகப் பார்த்துப் போனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம்.

அசலையும் பார்க்க ஆசை வந்தால் ஜெர்மனியில் இங்கோல்ஸ்டாட்டில் ஆடியின் மியூசியம் இருக்கிறது. இந்தப் பழைய கார்களை விழாக்களுக்கு ஓட்டக் கொண்டுபோய்விடுவார்கள், எனவே அது அங்கே இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். நானும் போகத்தான் போகிறேன். ஆனால் ரிகாவை முதலில் பாருங்கள்.