குளத்தின் மேல் எந்த வலை?

இறால், மீன் பண்ணைகளில் நீர்க்காகமும் கொக்கும் இறங்காமல் தடுக்க வலை தேவைதான். ஒரு குளத்தில் செத்த இறாலைக் கவ்வும் பறவை, அதை அடுத்த குளத்தில் நழுவவிட்டால் இறாலைக் கொல்லும் வெள்ளைப்புள்ளி என்ற வைரஸ் நோயும் கூடவே போகும். ஆகவே கேள்வி, எந்த வலை என்பதுதான்.

பலர் போடுவது தங்கூஸ் வலை, அதாவது மெல்லிய ஒற்றை நைலான் இழை வலை. விலை குறைவு, கழித்துப்போட்ட பழைய மீன்வலையே போதும், நாலு கம்பு நட்டால் வேலை முடிந்தது. ஆனால் அந்த இழை பறவையின் கண்ணுக்குத் தெரியாது. தொய்வாகத் தொங்குவதால் கால் நுழைந்ததும் சுற்றிக்கொள்ளும்; உதற உதற இறகுக்குள் இறுகும். வெயிலில் தவித்துச் சாகிறது. அந்த உடலைக் கொத்த வரும் காகமும் சிக்குகிறது. கோடியக்கரை போன்ற இடங்களுக்கு அருகே, வலசைப் பறவைகள் வரும் மாதங்களில் இதை விரிப்பது எனக்குக் கொடுமையாகவே படுகிறது.

இன்னொன்று, தடித்த வெள்ளை நூலில் பின்னிய சிறுகண் வலை, தொய்வில்லாமல் இழுத்துக் கட்டியது. பறவை தூரத்திலேயே பார்த்து விலகும். மோதினாலும் வலை தள்ளிவிடும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் வீட்டுப் பழமரங்களுக்கே 2021 முதல் 5 மில்லிமீட்டருக்குள் கண்ணுள்ள வலைதான் சட்டம். குளத்துக்கு அவ்வளவு சிறிய கண் காற்றைப் பிடிக்கும். சற்றுப் பெரிதாக்கலாம், இறுக்கத்தை மட்டும் விடக்கூடாது.

செலவு கூடும், கம்பங்கள் கூடுதலாக வேண்டும். பெரிய குளம் முழுவதையும் மூட முடியாதவர்கள் குஞ்சுகளை வளர்க்கும் நாற்றங்கால் குளத்தையாவது இப்படி மூடலாம். எதைக் கட்டினாலும் காலையும் மாலையும் ஒரு சுற்று பார்த்து, கிழிசலை அன்றே தைத்துவிடுங்கள்.