எரிந்த ஈ.எஸ்.சி.க்குப் பதில்: ஒரே போர்டா, தனித்தனி நாலா?

வெள்ளவத்தை வீட்டில் ட்ரோனுக்குப் பற்றரியைக் கொழுவினதும் ஒரு ‘டிக்’. பிறகு கருகல் மணம். நாலு மோட்டரின் ஈ.எஸ்.சி.யும் (மோட்டரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சுற்று) ஒன்றாக இருக்கும் ஃபோர்-இன்-வன் போர்டில், ஒரு மொஸ்ஃபெட்டின் (மோட்டருக்குப் போகும் மின்சாரத்தைத் திறந்து மூடும் சிப்) முதுகில் குண்டூசித் தலையளவு ஓட்டை. இனி அதையே வாங்குவதா, தனித்தனியாக நாலு வாங்குவதா? இதே குழப்பத்தோடு இரண்டு பெடியன்களும் என்னிடம் கேட்டார்கள்.

முதலில் மல்டிமீற்றரை ‘பீப்’பில் வைத்து, மோட்டர் வயர் ஒட்டும் ஒவ்வொரு ‘பாட்’டிலிருந்தும் பற்றரியின் பிளசுக்கும் மைனசுக்கும் தொட்டுப் பாருங்கள். விடாமல் கத்தினால் அந்தப் பக்க மொஸ்ஃபெட் ஷோர்ட்.

செலவு
போர்ட்: ஒரு மூலை எரிந்தாலும் பெரும்பாலும் முழுசாக மாற்றத்தான் வேண்டும்.
தனி: எரிந்த ஒன்றுக்கு மட்டும் காசு.

திருத்தம்
போர்ட்: தடித்த செம்புப் படலம் சூட்டையெல்லாம் குடித்துவிடும். புறக்கோட்டையில் ஃபோன் திருத்தும் அண்ணரிடம் காட்டினேன். ஹொட் எயாரைப் பிடித்துக்கொண்டே, “ஈயம் உருகுதே இல்லை, தம்பி” என்றார்.
தனி: சாதாரண சோல்டரிங் அயனே போதும்.

பாதுகாப்பு
போர்ட்: ஃபிரேமின் நடுவில் ஒளிந்திருக்கும்.
தனி: ஃபிரேமின் கையில், மோட்டருக்குக் கீழே ஒட்டியிருப்பதால் விழுந்தால் முதல் அடி அதற்குத்தான், ஆனால் புரொப்பெல்லர் காற்று நன்றாகக் குளிர்விக்கும்.

பாரம், வயரிங்: போர்ட்தான். பேச்சே இல்லை.

ஐந்து அங்குல ஃபிரேமில் வேகமாகப் பறக்கிறவர் போர்டே வாங்கட்டும். பெரிய ஃபிரேமில் எரித்து எரித்துப் பழகுகிறவருக்குத் தனித்தனிதான். நானும் இந்த முறை அதுதான். எதை வாங்கினாலும் பற்றரி பாடில் 35 வோல்ட், 1000 மைக்ரோஃபரட் கப்பாசிட்டர் ஒன்றை சோல்டர் செய்யுங்கள். முதல் தடவை கொழுவும்போது இடையில் ஒரு பழைய கார் பல்ப் இருக்கட்டும்; அது பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உடனே கழற்றிவிடுங்கள்.