கடன் வெட்டுப் படிவத்துக்குக் காசு கொடுக்க வேண்டாம்

போன கிழமை எங்கள் ஒழுங்கைக்குள் ஒரு தம்பி மோட்டார் சைக்கிளில் வந்தார். கமக்காரரின் கடனை வெட்டப் போகிறார்களாம், பெயர் பதிய வேண்டுமாம். எனக்கு 2018தான் ஞாபகம் வந்தது. கிளிநொச்சிப் பக்கம் இருப்பவர்கள் கவனம்.

அப்போது வயல் விதைப்புக்கு ஒரு நுண்கடன் கொம்பனியிடம் 80,000 ரூபாய் குழுக்கடன் எடுத்திருந்தேன். ஐந்து பெண்கள் ஒரு குழு, ஒருத்திக்கு ஒருத்தி பிணை, கிழமைக்குக் கிழமை தவணை கட்ட வேண்டும். வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்களின் நுண்கடனை அரசாங்கம் பொறுப்பேற்கும் என்று அந்த வருடம் அறிவித்தார்கள். ஆவணியில் ஒருவர் படிவத்தோடு வந்தார். போட்டோக்கொப்பியில் மை பரவி, அரச இலச்சினையின் சிங்கம் பூனை மாதிரித் தெரிந்தது. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

"அக்கா, நீங்கள் பெண், கிளிநொச்சி, கடனும் ஒரு இலட்சத்துக்குக் கீழே. எல்லாம் சரி. மூன்று மாதம் கட்டாமல் விடுங்கோ, மிச்சத்தை நாங்கள் பார்ப்பம்" என்றார். பதிவுக் காசு 2,500. கொப்பித் தாளில் கிறுக்கித் தந்ததுதான் பற்றுச்சீட்டு.

அவர் சொன்ன மூன்றும் உண்மை. திகதியைத்தான் சொல்லவில்லை. 2018 யூன் 30ஆம் திகதிக்கே மூன்று மாத நிலுவை இருந்தவர்களுக்குத்தான் அந்தச் சலுகை. என் புத்தகத்திலோ யூன் கடைசிக் கிழமை வரை கையெழுத்து இருக்கிறது, தோட்டை அடைவு வைத்துக் கட்டிய காசு. ஒழுங்காகக் கட்டினவளுக்கு ஒன்றுமில்லை என்ற எரிச்சல் எனக்கு இன்னும் போகவில்லை, அது வேறு கதை.

தவணை கட்டுவதை நிறுத்தி மூன்றாம் கிழமை, அறவிட வந்தவர் முற்றத்தில் கதிரை போட்டு இருந்துவிட்டார். மற்ற நாலு பேரையும் கூப்பிட்டு வைத்தார். விளக்கு வைக்கும் நேரமாகியும் எழும்பவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டு அக்கா பால் விற்ற காசைக் கொண்டுவந்து என் பெயரில் கட்டினா. அவவின் முகத்தைப் பார்க்க எனக்குக் கன நாள் எடுத்தது.

பிறகுதான் கிராம சேவகரிடம் (ஜீ.எஸ்) போனேன். "யாருக்கு எவ்வளவு நிலுவை என்று கொம்பனியின் கணக்கிலேயே இருக்கு பிள்ளை, இதுக்கு ஏன் வெளியாள்?" என்றார். படிவக்காரரின் போன் அதற்குள் வேலை செய்யவில்லை. மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்த வெள்ளத்தில் நெல்லும் போக, கடன் தண்டவட்டியோடு நின்றது.

கடனை வெட்டுகிறார்கள் என்று யார் வந்து சொன்னாலும் கேளுங்கள்: வங்கிக் கடனுக்கா, கொம்பனிக் கடனுக்கா? எவ்வளவு தொகை வரை? எந்தத் திகதியில் நிலுவை இருக்க வேண்டும்? பிரதேச செயலகத்திலோ கமநல சேவை நிலையத்திலோ விசாரிக்காமல் தவணை கட்டுவதை நிறுத்தவோ அடையாள அட்டைக் கொப்பி கொடுக்கவோ வேண்டாம்.

போன கிழமை வந்த தம்பியிடமும் அந்தத் திகதியைத்தான் கேட்டேன். "ஒபிசில கேட்டுச் சொல்லுறன் அக்கா" என்று சைக்கிளைத் திருப்பினார். எங்கள் வீட்டுக்கு முதல் ஆறு வீடு ஏறி இறங்கியிருக்கிறார்.