துப்புரவுத் தொழிலுக்கு இன்சூரன்ஸ்: பல வருடம் கட்டிப் பார்த்த அனுபவம்

வீடு, அலுவலகம் என்று துப்புரவு வேலை எடுத்துச் செய்யும் சின்ன நிறுவனம் எங்களுடையது. எங்கள் வேலையால் மற்றவருக்கோ அவர் பொருளுக்கோ சேதம் வந்தால் ஈடுகட்டும் பொறுப்புக் காப்பீட்டுப் பாலிசியைப் பல வருடமாகப் புதுப்பித்து வருகிறோம். எடுத்த காரணம் எளிது: காப்பீட்டுச் சான்றிதழ் இல்லையென்றால் பெரிய கட்டடங்களில் கொட்டேஷனைக்கூட வாங்க மாட்டார்கள்.

பாலிசி என்றதும் எல்லோரும் காப்பீட்டுத் தொகையைத்தான் பார்க்கிறார்கள். க்ளெய்ம் வரும்போது பேசுவது விலக்குகள் பக்கம்தான். அதில் ஒரு வரி இருக்கும்: எந்தப் பொருளின் மேல் வேலை செய்கிறோமோ, அந்தப் பொருளுக்கு ஏற்படும் சேதம் சேராது. எங்கள் தொழிலில் கை வைப்பதெல்லாமே வாடிக்கையாளரின் பொருள். அப்புறம் என்ன மிச்சம்?

ஒரு வீட்டில் குளியலறை டைல்ஸில் உப்புக்கறை எடுக்க ஆசிட் கலந்த திரவம் போட்டோம். வெளியே மார்பிள் தரை. வாளியை எடுத்துவரும்போது சிந்திய இடங்களில் பளபளப்பு போய், தடவினால் சொரசொரத்தது. மார்பிள் சுண்ணாம்புக் கல் வகை, ஆசிட் பட்டால் அரித்துவிடும். துடைத்துச் சரிசெய்ய முடியாது, மறுபடி பாலிஷ்தான். சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டுக் கம்பெனி அனுப்பிய சர்வேயர் கேட்ட முதல் கேள்வி, "மார்பிளையும் சுத்தம் செய்யச் சொல்லியிருந்தார்களா?" வேலை ஆணையில் குளியலறை மட்டும் இருந்தது. அதனால், க்ளெய்மில் நாங்களே ஏற்க வேண்டிய முதல் தொகை போக மீதி கிடைத்தது. மார்பிளும் எங்கள் வேலையில் இருந்திருந்தால் ஒன்றும் வந்திருக்காது. வேலை செய்யும் பொருளின் சேதத்தையும் சேர்க்க, பாலிசியோடு கூடுதலாக எடுக்கும் தனி இணைப்பு சில கம்பெனிகளில் உண்டு. அதைச் சேர்த்த பிறகுதான் தரை பாலிஷ் வேலையே எடுக்கிறோம். வேலை ஆணையில் எந்தெந்த இடம் என்று எழுதி வாங்குவதும் அன்றிலிருந்துதான்.

சாவி தொலைவதும் இப்படித்தான். மாஸ்டர் சாவி ஒன்று போனால் அந்தத் தளத்தின் எல்லாப் பூட்டையும் மாற்றச் சொல்வார்கள். அதுவும் தனி இணைப்பு. ஊழியர் திருடியதாகப் புகார் வந்தால் பொறுப்புக் காப்பீடு எட்டிப் பார்க்காது. நேர்மைக் காப்பீடு வேண்டும். அதிலும் குற்றம் கோர்ட்டில் நிரூபணமானால்தான் பணம் என்று போட்டிருக்கும் பாலிசிகள் உண்டு. வாடிக்கையாளர் அதுவரை காத்திருப்பாரா?

நம் ஆட்களுக்கு அடிபட்டால் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு தனி. ப்ளீச்சையும் ஆசிட் க்ளீனரையும் ஒரே வாளியில் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். புதிதாகச் சேர்பவரிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவோம், பாலிசி இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

எனக்குப் பிடிக்காதது பிரீமியம் கணக்குத்தான். வருட ஆரம்பத்தில் சொன்ன சம்பளத் தொகையை வைத்துப் போடுவார்கள். வருட முடிவில் தணிக்கை செய்து, ஆள் கூடியிருந்தால் மேலே கேட்பார்கள். துணை ஒப்பந்தக்காரரிடம் அவருடைய சான்றிதழ் இல்லையென்றால் அவர் ஆட்களும் நம் கணக்கில் ஏறிவிடலாம். மற்றபடி குறையில்லை, புதுப்பிக்கத்தான் போகிறோம்.

இப்போது மாடிக்கட்டடத்துக் கண்ணாடி துடைக்கும் வேலை ஒன்று வந்திருக்கிறது. எங்கள் பாலிசியில் உயர வரம்பு இருக்கிறது. "பார்த்துக்கலாம் சார்" என்கிறார் ஏஜென்ட். எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். வரும்வரை அந்த வேலைக்குக் கையெழுத்துப் போடவில்லை.