பெட்டியில் ஐந்து லீவர், பூட்டுக்குள் இரண்டு: கதவுக்குப் பூட்டு வாங்கப் போகிறவர்கள் கவனம்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வீட்டு வேலை முடித்து முன்கதவுக்கு லொக் வாங்க இருப்பவர்கள் தயவுசெய்து இதை வாசித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். கடையின் பெயரை நான் எழுதவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறோம், அது அதன் வழியில் நடக்கட்டும். ஆனால் இதே சாமான் இன்னும் எத்தனை கதவுகளில் இருக்கிறதோ என்று நினைத்தால் பேசாமல் இருக்க மனம் வரவில்லை.

அம்மா புதுக்குடியிருப்புப் பக்கம் தனியாக இருக்கிறா. இந்தியன் வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு. அந்த 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாயில் வீடு கட்டினவர்களுக்குத் தெரியும், காசெல்லாம் சீமெந்துக்கும் கூரைக்கும் போய்விடும், கதவுக்கு மிஞ்சியதுதான். இந்த வருடம்தான் முதிரையில் ஒரு நல்ல முன்கதவு செய்வித்தோம். நிலையும் முதிரை. அம்மா தனியாக இருக்கிறா, அதற்குத் தக்க பூட்டு வேண்டும் என்று கடையில் தெளிவாகச் சொல்லித்தான் கேட்டோம்.

“ஐஞ்சு லீவர், உள்ளுக்க முழுக்கப் பித்தளை. இதுக்கு மேல இந்தப் பக்கத்தில ஒண்டும் எடுக்கேலாது தங்கச்சி” என்றார். லீவர் என்பது பூட்டுக்குள் திறப்பு தூக்குகிற தகடு. பெட்டியிலும் அப்படித்தான் அச்சடித்திருந்தது. பக்கத்தில் இருந்த பூட்டைவிட இரண்டு மடங்கு விலை. கொடுத்தோம். பூட்டுகிற ஆளையும் அவரே அனுப்பினார். விசுவமடுவில் இருக்கும் அக்காவும் அதே கடையில் அதே பூட்டை வாங்கினா.

வைகாசியில் அம்மா வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போயிருந்தபோது அக்கா வீட்டைப் பார்க்க வந்தா. கைப்பைக்குள் இரண்டு வீட்டுத் திறப்பும் இருந்தன. ஒன்றைப் போட்டுத் திருகினா, கதவு திறந்தது. உள்ளே போய்த் திறப்பை மேசையில் வைத்தபோதுதான் பார்த்தா, அது அவவின் வீட்டுத் திறப்பு. வெளியே வந்து திரும்பப் போட்டுப் பார்த்தா. இறுக்கம்கூட இல்லாமல் சுழன்றது. பொங்கலுக்கு ஊரே போகும் நாளில், யாரோ ஒருவரின் சட்டைப் பையில் கிடக்கும் திறப்பு எங்கள் வீட்டைத் திறக்கும் என்பதை நினைக்க அம்மாவுக்கு அன்றைக்கு நித்திரை வரவில்லை.

கதவு செய்த தச்சு வேலை அண்ணையைக் கூப்பிட்டுப் பூட்டைக் கழற்றினோம். பின் தகட்டின் திருகாணிகளை எடுத்ததும் உள்ளே மெல்லிய தகடுகள் இரண்டு, அவ்வளவுதான். ஐந்து இருக்கவேண்டிய இடத்தில் மிச்சம் வெறும் இடைவெளி. பூட்டும்போது நிலைக்குள் போகும் நாக்கைக் கத்தி முனையால் சுரண்டினார். மஞ்சள் நிறம் தூளாக உதிர்ந்து அடியில் சாம்பல் நிறம் வந்தது. பித்தளை என்றால் சுரண்டச் சுரண்ட மஞ்சள்தான் வரும்.

திறப்பின் பல் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்குச் சரியாகத் தூக்கினால்தான் நாக்கு அசையும். தகடு குறையக் குறைய, உண்டாக்கக்கூடிய திறப்பு வகைகளும் குறையும். அக்காவின் திறப்பு எங்கள் கதவைத் திறந்ததற்குக் காரணம் இதுதான். பிரித்தானியாவின் பி.எஸ். 3621 என்ற தரத்துக்குப் பூட்டுச் செய்தால் குறைந்தது 1000 வித்தியாசமான திறப்புகள் இருக்கவேண்டும், நாக்கு 20 மில்லிமீற்றராவது வெளியே வரவேண்டும். லண்டனில் வீட்டுக் காப்புறுதிக்காரர் கேட்பது பெரும்பாலும் இதைத்தான் என்று அங்கே இருக்கும் சித்தப்பா சொன்னார்.

பூட்டின ஆளின் வேலை அதைவிட மோசம். நிலையில் நாக்குப் போகும் குழியை அரைவாசிதான் கொத்தியிருக்கிறார். அதனால் திறப்பு முழுச் சுற்றுப் போகாமல் நின்றிருக்கிறது. “புதுசு, இறுக்கம், போகப் போகச் சரிவரும்” என்று அம்மாவுக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நிலைத் தகட்டைப் பிடித்திருந்த திருகாணிகள் கட்டைவிரல் நகத்தளவு நீளம். காலால் ஓங்கி உதைத்தால் பூட்டு உடைய வேண்டிய தேவையே இல்லை, தகடு நிலையிலிருந்து கழன்று வந்துவிடும். முதிரை மரத்துக்கு நீளத் திருகாணி ஏற்றுவது கஷ்டம், முதலில் துளை போடவேண்டும். அந்தச் சிரமத்துக்குப் பஞ்சிப்பட்டுத்தான் இந்த வேலை.

கடைக்குப் பூட்டையும் பெட்டியையும் கொண்டுபோனோம். “கழட்டின சாமானுக்கு நாங்கள் பொறுப்பில்லை” என்றார். கழற்றாமல் எப்படித் தெரியும் என்று அக்கா கேட்டதற்குப் பதில் இல்லை. ரசீதில் “லொக் 1” என்று மட்டும் எழுதியிருந்தது. இந்த இடத்தில்தான் எல்லாரும் மாட்டுப்படுகிறோம். எத்தனை லீவர், என்ன உலோகம், என்ன பெயர் என்று ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அந்தக் கடையில் வாங்காதீர்கள்.

முறைப்பாடு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குக் கொடுக்கலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும். தொலைபேசி 1977. பெட்டியைக் குப்பையில் போடாதீர்கள். அதில் அச்சடித்திருப்பது எங்களுக்கு ரசீதைவிட உதவியது.

வாங்கும்போது பின் தகட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். நல்ல சாமான் வைத்திருக்கும் கடைக்காரர் மறுக்கமாட்டார், இப்போது பூட்டியிருக்கும் பூட்டை எங்களுக்கு வவுனியாவில் ஒருவர் தானாகவே கழற்றிக் காட்டினார். ஒரே வகையில் இரண்டு பெட்டி எடுத்து, ஒன்றின் திறப்பை மற்றதில் போட்டுப் பாருங்கள். பூட்டுகிறவர் பெட்டியை உடைக்கமுதல் திறப்புகளை எண்ணி நீங்களே எடுத்து வையுங்கள். வேலை முடிந்ததும் கதவைத் திறந்து வைத்து நாக்கு எவ்வளவு வெளியே வருகிறது என்று அளந்து, திறப்பு எவ்வளவு சுற்றுகிறது என்றும் பார்த்து, சாத்திப் பூட்டியபின் அதே அளவு சுற்று வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் குழி ஆழம் காணாது. வெளிப்பக்கம் திறக்கும் கதவென்றால் பிணைச்சலின் ஆணி வெளியே இழுக்க வருமா என்றும் பார்க்கவேண்டும். கொண்டி போட்டு ஆமைப்பூட்டுப் பூட்டுகிறவர்கள், கொண்டியின் திருகாணித் தலைகள் வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் பூட்டு எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை.

இந்த வருடம் இந்தப் பக்கம் “ஐந்து லீவர், முழுப் பித்தளை” என்று சொல்லி வாங்கினவர்கள், அதே பூட்டு வாங்கின சொந்தக்காரர் யாரும் இருந்தால் இரண்டு வீட்டுத் திறப்பையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். திறந்தால் மூன்று மாதம் முடிய முதல் எழுதிக் கொடுங்கள்.